செவிப்பறை ஒட்டு அறுவை

செவிப்பறையில் விழுந்த ஓட்டையை நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த திசுவால் அடைக்கும் அறுவை. பறையை மட்டும் அடைப்பது மிரிங்கோபிளாஸ்டி. நடுச்செவியைத் திறந்து சிற்றெலும்புகளையும் பார்த்துச் சீராக்குவது டிம்பனோபிளாஸ்டி. கன்னத்தில் விழுந்த அறையாலோ காது குடையும் குச்சியாலோ கிழிந்த பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அறுவைக்கு வருபவை அதிகமும் ஆண்டுக்கணக்கில் சீழ் வடிந்த காதுகளே.

1640இல் மார்க்கஸ் பான்சர் தந்தக் குழாயில் பன்றியின் சிறுநீர்ப்பையைக் கட்டிக் காதில் செருகினார். அது வெறும் மூடி. உயிருள்ள தோலை ஒட்டிப் பார்த்தவர் பெர்த்தோல்ட் (1878). 1950களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் சோல்னரும் இம்முறையை நிலைநிறுத்தினர். ஆனால் தோல், காதுக்குள் போயும் தோலாகவே இருந்தது: உரிந்தது, ஊறிச் சீழ் பிடித்தது.

தோலின் இடத்தைப் பின்னர் பிடித்தது தசையுறை. பல்லைக் கடித்தால் நெற்றிப்பொட்டில் புடைக்குமே, அந்தத் தசையின் மேலுறை. காதுக்குப் பின்னால் கீறினால் அருகிலேயே கிடைக்கும். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, விரித்துக் காயவைத்தால் வெங்காயச் சருகு போல ஆகிவிடும். ஓட்டையின் ஆறிப்போன விளிம்பைச் சுரண்டி மீண்டும் பச்சைப் புண்ணாக்குவதும் அவசியம். இல்லையேல் ஒட்டு பிடிக்காது. ஒட்டு ஒரு சாரம் மட்டுமே. அதன்மேல் படர்ந்து பறையை மூடுவது பழைய பறையின் செல்கள்தான்.

ஒட்டை எங்கே வைப்பது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. பறைக்கு உட்புறமாக வைப்பது அண்டர்லே. எளிது, விரைவில் ஆறும், பின்பக்க ஓட்டைக்குப் போதும். கரையும் ஜெல்ஃபோம் துண்டுகள் கீழிருந்து தாங்கும். முன்பக்க ஓட்டையில் தாங்க விளிம்பே மிஞ்சாதபோது ஒட்டு அங்கே நழுவும். மேல்தோலை உரித்து வெளிப்புறமாக ஒட்டும் ஓவர்லே முன்பக்கத்தையும் பெரிய ஓட்டையையும் நன்றாக மூடும். ஆனால் கை தேர்ந்திருக்க வேண்டும்: உரிக்கும்போது தங்கிவிட்ட தோல் ஒட்டின் அடியில் முத்தாகத் திரளும், பறையும் காதுக்குழாயும் சந்திக்கும் முன்கோணம் தூர்ந்துபோனால் ஓட்டை மூடியும் கேட்கும் திறன் தேறாது. ஓட்டை மூடியதா என்ற ஒரே கேள்வியால் இரண்டையும் ஒப்பிடுவது அரைகுறை ஒப்பீடு.

சிறு ஓட்டைக்குக் காதுச்சோணையின் கொழுப்பைச் செருகினாலே போதும். ஒருமுறை தோற்ற காதுக்கும், உள்ளிழுக்கும் அழுத்தம் உள்ள காதுக்கும் குருத்தெலும்பு ஏற்றது. அதன் விறைப்பால் கேட்கும் திறன் குறையும் என்ற பழைய அச்சத்தை ஒப்பீடுகள் பெரிதாக உறுதிசெய்யவில்லை. ஒளி ஊடுருவாததே உண்மையான குறை. பின்னால் நோய் வளர்ந்தாலும் மறைத்துவிடும்.

காதின் பின்னால் கீறாமல், காதுக்குழாய் வழியே எண்டோஸ்கோப்பால் பார்த்துச் செய்வதும் பரவிவருகிறது. நுண்ணோக்கிக்கு எட்டாத முன்மூலை இதில் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு கை எண்டோஸ்கோப்பைப் பிடித்திருக்க, இரத்தத்தை உறிஞ்சுவதும் ஒட்டைப் பொருத்துவதும் மாறி மாறி மறு கையின் வேலை.