ஆஸ்பிரின் என்னும் வியாபாரக் குறியின் சரித்திரம்

நம் குலத்தாரிற் பலர் பரம்பரையாக வணிகத்தையே ஜீவனமாகக் கொண்டவர்கள் என்பது நமது பத்திரிகையைப் படித்துவரும் அன்பர்கள் அறிந்ததே. இக்காலத்தில் மசாலைப் பொடியும் அப்பளமும் எண்ணெயும் பெட்டி பெட்டியாகக் கப்பலேறிச் சிங்கப்பூருக்கும் மலேசியாவிற்கும் அப்பாலும் செல்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரும் படமுமே தூரதேசத்தில் வாங்குவோனுக்குச் சரக்கின் தரத்திற்கு ஜாமீன். அப்பெயரை இந்தியாவிற் பதிவு செய்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நம்மவருட் சிலர் இருந்துவிடுகின்றனர். அது போதாது என்பதை விளக்க, வீடுதோறும் வழங்கும் ஒரு மாத்திரையின் பெயருக்கு நேர்ந்த கதியை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1863-ம் வருஷம் ஜெர்மனி தேசத்தில் சாயம் உற்பத்தி செய்வதற்கென்று ஏற்பட்டது பேயர் கம்பெனி. நாளடைவில் அது மருந்து செய்வதிலும் இறங்கியது. 1897-ல் அதன் ரசாயன சாலையில் பீலிக்ஸ் ஹாப்மன் என்பார் அசிட்டைல் சாலிசிலிக் அமிலம் என்னும் பொருளைச் சுத்தமான நிலையிலே தயாரித்தார். (அப்பெருமை அவருடன் பணியாற்றிய ஆர்தர் ஐக்கன்கிரூனுக்கே உரியது என்பாரும் உளர்; அவ்வழக்கு நமக்கு இங்கு வேண்டுவதன்று.) இவ்வளவு நீண்ட பெயரை எந்த நோயாளி மருந்துக் கடையிற் சொல்லிக் கேட்பான்? ஆதலின் ‘ஆஸ்பிரின்’ என்று புதுச் சொல் ஒன்றைக் கட்டி, 1899-ம் வருஷம் மார்ச்சு மாதம் 6-ந் தேதி பெர்லினிற் பதிவு செய்தனர்.

மருந்தின்மீதே பேடண்டு உரிமை கேட்டபோது ஜெர்மானிய சர்க்கார் கொடுக்கவில்லை. சார்லஸ் கெர்ஹார்ட் என்னும் ரசாயன சாஸ்திரி 1853-லேயே அப்பொருளை ஒருவாறு செய்திருந்தார். இங்கிலாந்திற் கிடைத்த பேடண்டும் 1905-ல் கோர்ட்டாரால் தள்ளப்பட்டது. அமெரிக்காவிற் கிடைத்தது 1917 வரையிலேதான். பேடண்டு இத்தனை வருஷம் என்று கெடுவுள்ளது. வியாபாரக் குறியோ புதுப்பித்துக்கொண்டே வந்தால் என்றும் நிற்கக் கூடியது. இதனைப் பேயர் கம்பெனியார் நன்குணர்ந்து, அந்தந்த நாட்டுச் சட்டப்படி அப்பெயரைத் தனித்தனியே பதிவு செய்து வந்தனர். 1883-ல் பாரிஸ் நகரிற் பதினொரு நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையானது, அந்நிய வியாபாரியையும் தன் பிரஜையைப் போலவே நடத்தல் வேண்டும் என்று விதித்ததே யன்றி, ஒரு நாட்டுப் பதிவு மற்றொரு நாட்டிற் செல்லும் என்று விதிக்கவில்லை.

1914-ல் மகாயுத்தம் மூண்டது. மறு வருஷம் பிப்ரவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் தம் நாட்டில் ஆஸ்பிரின் என்னும் பெயர்மீது பேயருக்கிருந்த உரிமையை ரத்துச் செய்தனர். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மருந்துக் கடைக்காரராகிய ஜார்ஜ் நிக்கலஸ் அம்மருந்தைத் தாமே செய்து, அப்பெயராலேயே விற்கவும் சர்க்கார் அனுமதி பெற்றார். பெற்ற பின்னர் அவர் செய்ததைக் கவனித்தல் வேண்டும். பிறரும் வழங்கக்கூடிய பெயரால் தமக்குப் பயனில்லை யென்று கண்டு, 1917-ல் ‘ஆஸ்ப்ரோ’ என வேறு பெயர் வைத்துக்கொண்டார். கெட்டிக்கார வியாபாரி!

அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரம். 1918-ம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ந் தேதி, நியூயார்க் மாகாணத்து ரென்சிலேர் என்னும் ஊரிலிருந்த பேயர் தொழிற்சாலையின் வாயிற்படியிலேயே, அவர்களுடைய அமெரிக்கச் சொத்தனைத்தும் பகைவர் சொத்தாக ஏலம் விடப்பட்டது. ஸ்டெர்லிங் என்னும் கம்பெனியார் 53,10,000 டாலருக்கு அதனை எடுத்தனர். கட்டடமும் யந்திரமும் மட்டுமா போயின? ‘பேயர்’ என்னும் பெயரும் உடன் போயிற்று. தாத்தா வைத்த பெயரைப் பேரன் வழங்கலாகாது என்பது போல, ஜெர்மனியிலுள்ள பேயர் கம்பெனியார் பல காலம் அமெரிக்காவில் தம் சொந்தப் பெயரால் மருந்து விற்க இயலாதிருந்தனர்.

ஏலத்தில் எடுத்தவருக்கும் ஆஸ்பிரின் என்னும் பெயர் முழுமையாய் நிலைக்கவில்லை. பேயர் கம்பெனியார் 1915 வரையில் அமெரிக்காவில் மருந்தைப் பொடியாக மற்றவர்களுக்கு விற்க, அவர்கள் மாத்திரையாக்கித் தம் பெயரிட்டு ‘ஆஸ்பிரின்’ என்றே ஜனங்களுக்கு விற்று வந்தனர். 1921-ல் இவ்வழக்கை விசாரித்த நீதிபதி லெர்னெட் ஹாண்டு, வாங்குபவர் அச்சொல்லால் எதை உணர்கின்றனர் என்று ஒரே கேள்வி கேட்டார். வைத்தியரும் மருந்து வியாபாரிகளும் பேயரின் சரக்கு என்றே உணர்ந்தனர்; பொதுஜனங்களோ மாத்திரையின் பெயரே அதுவென எண்ணினர். ஆகவே பொதுஜனங்களுக்கு எவரும் அப்பெயரால் விற்கலாம் என்று தீர்ப்பாயிற்று. பகைவர் பறித்ததை யாவரும் பேசுவர். தம் கவனக்குறைவால் ஒரு பெயர் ஊர்ப்பொதுவானதை எவரும் பேசுவதில்லை.

அடுத்த நாடாகிய கனடாவிலோ, 1924-ல் உச்ச நீதிஸ்தலத்தார் அப்பதிவை நீக்க மறுத்தனர். மருந்து ஒன்று, பெயர் ஒன்று, நடுவே ஓர் எல்லைக்கோடு. இன்றைக்கும் கனடாவில் ஆஸ்பிரின் என்பது பேயரின் குறியே. அமெரிக்காவில் யார் வேண்டுமாயினும் வழங்கும் சொல். 1994-ல் ஏறக்குறைய 100 கோடி டாலர் கொடுத்து, வட அமெரிக்காவில் அவ்வியாபாரத்தையும் தம் பெயரையும் பேயர் கம்பெனியார் மீட்டுக்கொண்டனர்.

இனி நம்மவர் காரியத்துக்கு வருவோம். 1989-ல் மாட்ரிட் நகரில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இந்தியா 2013-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி முதல் அங்கத்தினராயிற்று. சிங்கப்பூர் 2000-த்திலும், கனடாவும் மலேசியாவும் 2019-லும் சேர்ந்தன. நம் நாட்டிற் கொடுத்த மனுவை ஆதாரமாகக் கொண்டு, நம் பதிவாலயத்தின் வழியாகவே ஒரே விண்ணப்பத்தில் வேண்டிய நாடுகளைக் குறித்துக் கேட்கலாம். பதிவு பத்து வருஷத்துக்கு நிற்கும். பின் புதுப்பித்தல் வேண்டும். ஆயினும் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி ஆராய்ந்து மறுக்க உரிமையுடையது. முதல் ஐந்து வருஷத்துக்குள் இந்தியப் பதிவு விழுமாயின் அதைப் பற்றி நிற்கும் வெளிநாட்டுப் பதிவுகளும் விழும். மூன்று மாதத்துக்குள் அவ்வந்நாட்டிலேயே தனி மனுவாக மாற்றிக்கொள்ள மட்டும் இடமுண்டு.

அயல்நாட்டு ஏஜண்டை நியமிக்கும் அன்பர்கள் சரக்கனுப்புமுன்னரே அந்நாட்டில் மனுக் கொடுத்துவிடல் நலம். ஏஜண்டு முந்திக்கொண்டு தம் பெயரிற் பதிவு செய்துவிடுவது உலகெங்கும் நடப்பது. பாரிஸ் உடன்படிக்கையின்படி அதை எதிர்த்து நீக்கக் கேட்க உடையவருக்கு இடமுண்டு. ஆனால் அவ்வழக்கை அந்நாட்டுக் கோர்ட்டில், அந்நாட்டு வக்கீலைக் கொண்டு, சரக்குத் துறைமுகத்திற் காத்துக் கிடக்கையில் நடத்த நேரும்.