ஊத்துக்குளி வெண்ணெயும் சனிக்கிழமை ஐஸ்கிரீமும்

திருப்பூரைப் பற்றி எழுதப் புகுபவர் பருத்தியையும் பனியனையும் விட்டு வேறொன்றைத் தொடுவது அபூர்வம். ஆயினும் அவ்வூர் ஜனங்கள் உழைத்துக் களைத்த வேளையில் விரும்பி உண்ட குளிர்ந்த பதார்த்தங்களின் சரித்திரமும், கூர்ந்து நோக்கினால், அதே யந்திரங்களோடும் அதே கூலியோடும் பின்னிக் கிடப்பதைக் காணலாம். பாலை உறைய வைத்த ஐஸ்கிரீமும், தயிரை உறைய வைத்த யோகர்ட்டும் இன்று பெருநகரக் கடைத்தெருக்களில் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கின்றன. கொங்கு நாட்டைப் பொறுத்தவரை முன்னது மின்சாரத்தோடு வந்த விருந்தாளி. பின்னதன் மூலப்பொருளாகிய தயிரோ இங்கே காலங்காலமாக அடுப்படியை விட்டு அகலாதது. அப்படியிருந்தும் விருந்தாளி கடை வைத்துச் செழிக்க, வீட்டுப் பொருளுக்கு இனிப்புப் பண்டம் என்ற அந்தஸ்து கிட்டாமற் போனது ஏன் என்பதே நாம் ஆராயத் தக்கது.

இந்தப் பிரதேசம் மழை குறைந்த மேட்டு நிலம். கிளுவை வேலி கட்டிய, கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்த காங்கேயம் மாடுகள், பழையகோட்டைப் பட்டக்காரர் போன்றோரின் பராமரிப்பினால் பெயர் பெற்றவை என்றாலும், ஏருக்கும் வண்டிக்கும் கிணற்றில் கவலை இறைப்பதற்கும் உகந்தவையே யன்றிப் பால் வளத்துக்குப் பேர்போனவை அல்ல. பாலுக்கு எருமையையே பெரிதும் நம்பினார்கள். கறந்த பாலைக் காய்ச்சிப் பிரைமோர் ஊற்றி, மறுநாள் விடியலில் தயிரைக் கடைந்து, திரண்ட வெண்ணெயை விற்றுக் காசாக்கி, மிஞ்சிய மோரைக் கம்பங்கூழில் கரைத்துக் குடிப்பதே குடியானவர் வீட்டு வழக்கம். திருப்பூருக்குக் கிழக்கே உள்ள ஊத்துக்குளி இந்த வெண்ணெய் வியாபாரத்தினால் பிரபல்யம் அடைந்தது. 1862-இல் சென்னையையும் மேற்குக் கடற்கரைப் பேப்பூரையும் இணைத்த ரயில் பாதை அவ்வூர் வழியே சென்றதால், அதன் சரக்கு வெளியூர் செல்வதும் எளிதாயிற்று. கொழுப்பு சந்தைக்குப் போயிற்று. புளிப்பு வீட்டில் தங்கிற்று. இந்தப் பாகுபாடு இப்பகுதி ஜனங்களின் நாவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்பதைப் பின்னால் காண்போம்.

இனிப் பனிக்கட்டியின் கதை. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் அனுப்பிய ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 1833-இல், அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்த 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டு, நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பின் ஏறக்குறைய 100 டன்னைக் கல்கத்தாவில் இறக்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் சென்னைக் கடற்கரையிலும் அவருக்கு ஒரு பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. பிற்காலத்தில் பிலிகிரி ஐயங்கார் வசமாகி, 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியமையால் புனிதம் பெற்ற ஐஸ் ஹவுஸ் அதுவே. 1874-இல் சென்னையிலேயே யந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் கம்பெனி ஒன்று தோன்றவே, அமெரிக்கக் கட்டியின் காலம் முடிந்தது. இவை யாவும் பெரும்பாலும் துரைமார்களின் மேஜைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உதவிய வைபவங்கள். திருப்பூரின் நொய்யற் கரைக் குடியானவன் அவற்றைக் கேள்விப்பட்டிருந்தாலே அதிகம்.

திருப்பூருக்குக் குளிர்ச்சி வந்தது நீலகிரியிலிருந்து, ஆனால் பனியாக அல்ல. 1930களின் முற்பகுதியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிக் கோயமுத்தூர்ச் சீமைக்கு மின்சாரம் கிடைத்தது. 1932-இல் கொடி காத்துக் குமரன் உயிர்நீத்த கதர் நகரம் மெல்ல மெல்லப் பின்னல் யந்திரங்களின் நகரமாக மாறியது. பனியன் பின்னிய அதே மின்சாரத்தைக் கொண்டே ஐஸ் பாக்டரியும் ஓடியது. பெரிய தொட்டியில் உப்பு நீர். அதனுள் அம்மோனியா ஓடும் குழாய்கள். உப்பு நீர் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாதாகையால், அதில் இறக்கிய தகரக் கேன்களின் நல்ல தண்ணீர் மட்டும் கட்டியாகும். அந்த ஐஸ் பாரை மரத்தூளில் புரட்டிச் சாக்கில் சுற்றி அனுப்புவார்கள். அதே உப்பு நீரில் சிறிய அச்சுகளை இறக்கிச் சர்க்கரையோ சாக்கரினோ கலந்த வண்ண நீரை ஊற்றி, பாதி உறைந்த தருணத்தில் மூங்கிற் குச்சியைச் செருகினால் குச்சி ஐஸ்; பாலும் கொஞ்சம் மாவும் சேர்ந்தால் பால் ஐஸ்; நுனியில் வெந்த சேமியாவைப் படியவிட்டால் சேமியா ஐஸ். சைக்கிளின் பின்னே மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, அதன் மூடியைத் தட்டித் தட்டி ஓசை எழுப்பியபடி, பனியன் கம்பெனி வாசலில் டீ நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும் வியாபாரியிடம், “ஏனுங்ணா, ரெண்டு சேமியா குடுங்” என்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பையன் கேட்பான்; பவர் டேபிள் என்னும் மின் தையல் யந்திரத்தில் தைக்கும் டைலர் தம் கௌரவத்துக்கு ஏற்பப் பால் ஐஸ் வாங்குவார்.

கோப்பையில் கரண்டியிட்டு உண்ணும் ஐஸ்கிரீம் இதற்குப் பிந்தியது. 1970-இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலோடு ஆர்.ஜி. சந்திரமோகன் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம், பெரிய கம்பெனிகள் அதிகம் பொருட்படுத்தாத சிற்றூர்களை நாடிச் சென்று வளர்ந்தது. அந்த அலையின் பயனைத் திருப்பூர் போன்ற ஊர்கள் நன்றாகவே அனுபவித்தன. இங்கே காலமும் துணை நின்றது. எழுபதுகளின் பிற்பகுதியில் பனியன் ஏற்றுமதி தொடங்கி, எண்பதுகளில் பெருகி, தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களுக்குச் சம்பளம் மாதக் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில். சனிக்கிழமை மாலை பணம் கைக்கு வரும், ஒன்றரை ஷிப்ட் பார்த்தவருக்குச் சற்று அதிகமாக வரும். அன்றிரவு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் புரோட்டா தின்று ஐஸ்கிரீமோடு முடிப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஐஸ்கிரீம் என்று விற்பதற்குப் பத்து சதவீதமேனும் பால் கொழுப்பு வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். தாவர எண்ணெயில் செய்ததை ‘ப்ரோசன் டெசர்ட்’ என்று எழுதித்தான் விற்க வேண்டும். சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைச் சனிக்கிழமை இரவில் யார் படிக்கிறார்கள்! ஊத்துக்குளியில் கடைந்தெடுத்து விற்ற கொழுப்பைத்தான், இப்போது காசு கொடுத்துத் திரும்ப வாங்கி உண்கிறோம்.

உறைந்த தயிரின் வியாபாரம் முற்றிலும் வேறொரு மனப்பான்மையிலிருந்து பிறந்தது. 1981-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் டி.சி.பி.ஒய். கடை தோன்றியபோது, கொழுப்புக்கு அஞ்சிய ஜனங்கள் அங்கே ஏராளம். 2009-இல் டில்லியில் கோகோபெரி கடை திறந்ததும் அத்தகைய நாகரிக வர்க்கத்தை நம்பியே. திருப்பூரில் எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நின்று உழைப்பவனிடம் கொழுப்புக் குறைவு என்று சொல்லி ஒரு பண்டத்தை விற்பது, விலை குறைவு என்று சொல்லி விற்பதைப் போல எளிதன்று. அன்றியும், இரவில் தயிர் ஆகாது என்பது பழைய வைத்திய விதி; ஐஸ்கிரீமின் வேளையோ இரவு. யாவற்றுக்கும் மேலாக, தமிழன் தயிருக்கு உப்பைத்தான் இடுவான். வெண்ணெய் நீங்கிய புளிப்பைக் கூழோடும் சோற்றோடும் சேர்த்தே பழகிய நாக்கு, அதன்மேல் சர்க்கரையையும் பழத்தையும் தூவித் தந்தால், குற்றம் ஏதோ நடந்துவிட்டதாகவே எண்ணுகிறது.

ஆனால் அந்த நாக்கு மட்டுமே இப்போது திருப்பூரின் நாக்கு அல்ல. பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய பிரதேசங்களிலிருந்து வந்தவர்கள் இன்று ஓவர்லாக் யந்திரங்களின் முன் அமர்ந்திருக்கிறார்கள். சங்கராந்தியன்று அவலில் தயிரும் வெல்லமும் பிசைந்து உண்பவர் பீகாரி. காய்ச்சிய பாலை இனிப்பாகவே கெட்டித் தயிராகத் தோய்ப்பவர் வங்காளி. இனித்த தயிர் அவர்களுக்கு நூதனமே அல்ல. குமரன் ரோட்டில் என்றாவது உறைந்த தயிர் வியாபாரம் நிலைத்து ஓடுமானால், அமெரிக்கப் பெயர்ப் பலகையை நம்பி அல்ல, இவர்களுடைய சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பித்தான் ஓடும் என்று எனக்குத் தோன்றுகிறது.