கூட்டம் கலைந்தால் ஆட்டம் ஏது?

நாம் ஆடிய சீட்டுக்கட்டில் 52 சீட்டு. ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் போதும். 1993இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' அந்தக் கணக்கை மாற்றியது. நான் படித்த பிரெஞ்சில் அதை 'லசாம்ப்ளே' என்பார்கள். கூட்டம் என்று பொருள். உறையைப் பிரித்தால்தான் உள்ளே எந்தச் சீட்டு என்று தெரியும். அரிய சீட்டு வேண்டுமா, மேலும் வாங்கு!

இந்த வியாபாரத்தைப் பார்த்துப் பலர் இறங்கினார்கள்; பெரும்பாலோர் நிலைக்கவில்லை. 1995இல் வந்த ஸ்டார் வார்ஸ் சீட்டாட்டம், உரிமம் கைமாறியதும் 2001இல் நின்றது. கார்ஃபீல்டே 1996இல் செய்த 'நெட்ரன்னர்' சில ஆண்டுகளில் மறைந்தது. 2012இல் வேறொரு நிறுவனம் அதைப் புதுப்பித்தது. உரிமம் முடிய, 2018இல் அதுவும் போயிற்று. புதுச்சீட்டு வராவிட்டால் ஆட்டம் சலிக்கும். எதிரில் உட்கார ஆள் குறையும்.

மேஜிக்கும் போக்கிமானும் இன்றும் விற்கின்றன. ஆனால் விலை ஏறட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் பூட்டிவைப்பவர்களும் உண்டு. குமாஸ்தாவாக இருந்தவன் நான்; யாரும் எடுத்துப் பார்க்காத கோப்பின் கதி எனக்குத் தெரியும்.

நெட்ரன்னரை இப்போது அதன் ஆட்டக்காரர்களே லாப நோக்கமின்றி நடத்துகிறார்கள். புதுச்சீட்டுகளை வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். எத்தனை நாள் தாங்குமோ! ஆனாலும் சீட்டின் விலையைவிட எதிரே உட்காரும் ஆளைப் பெரிதாக நினைப்பவர்களிடம்தான் எந்த ஆட்டமும் பிழைக்கும் என்று நினைக்கிறேன்.