200 யூரோ கேட்டு வந்த மின்னஞ்சல்

இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். விஷயம் அப்படி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டு எண் திருடுபோனால் என்ன செய்வோம்? வங்கிக்குப் போன் போட்டு கார்டை முடக்கச் சொல்வோம். சில நாளில் புது எண்ணோடு புது கார்டு வந்துவிடும். சரி, மருத்துவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன விஷயங்கள் திருடுபோனால்? அதற்கு யார் புது எண் தருவார்கள்?

பின்லாந்தில் சுமார் 33,000 பேர் இந்தக் கேள்வியை நேருக்கு நேராகச் சந்தித்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

திறந்து கிடந்த கதவு

வஸ்தாமோ என்பது 2008-ல் தொடங்கிய தனியார் நிறுவனம். பேச்சு மூலமாகத் தரும் மனநல சிகிச்சைதான் அதன் தொழில். நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட கிளைகள். அரசு மருத்துவத் துறையும் தன் நோயாளிகளை இங்கே அனுப்பியது. ஆக, இங்கே வந்தவர்கள் எல்லோரும் தாங்களே தேர்ந்தெடுத்து வந்தவர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது.

சிகிச்சையாளர்கள் தங்கள் சந்திப்புகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைப்பார்கள். குடும்பச் சண்டை, குடிப்பழக்கம், சின்ன வயதில் நடந்த கொடுமை, சாகத் தோன்றிய நாட்கள்... எல்லாம் பெயர், முகவரி, தேசிய அடையாள எண் சகிதமாக ஒரே தரவுத்தளத்தில். சிறுவர்களின் குறிப்புகளும் அதில் இருந்தன.

அந்தத் தரவுத்தளம் 2017 கடைசியிலிருந்து 2019 மார்ச் வரை சரியான பாதுகாப்பில்லாமல் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தது. நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லை. பூட்டு போட்டு சாவியைத் தொலைத்த கதை இல்லை இது, பூட்டே போடாத கதை. 2018 கடைசியில் ஒருமுறை உள்ளே புகுந்தார்கள். 2019 மார்ச்சில் இன்னொரு முறை. நோயாளிகளுக்கு யாரும் மூச்சு விடவில்லை.

2020 செப்டம்பர் கடைசியில் நிறுவனத்துக்கு மிரட்டல் வந்தது. 40 பிட்காயின் வேண்டும், அன்றைய மதிப்பில் சுமார் நாலரை லட்சம் யூரோ. நிறுவனம் தரவில்லை. அக்டோபர் 21 முதல் மிரட்டியவர் தினம் 100 பேரின் குறிப்புகளை இணையத்தில் வெளியிட ஆரம்பித்தார். அதிலும் பணம் பெயரவில்லை. அக்டோபர் 24, சனிக்கிழமை, நேரடியாக நோயாளிகளுக்கே மின்னஞ்சல் போனது. 24 மணி நேரத்துக்குள் 200 யூரோ. தவறினால் அடுத்த 48 மணி நேரத்துக்குள் 500 யூரோ. அதுவும் இல்லையென்றால் உங்கள் குறிப்புகள் ஊருக்கே தெரியும்.

பலருக்குத் தங்கள் குறிப்பும் திருடுபோயிருக்கிறது என்பதே திருடன் எழுதிய கடிதத்தில்தான் உறுதியானது. இதைவிடக் கேவலமான அறிவிப்பு இருக்க முடியுமா, சொல்லுங்கள்!

20-ம் 20,745-ம்

போலீஸ் உடனே சொன்ன அறிவுரை மூன்று. பணம் கட்டாதீர்கள். மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. புகார் கொடுங்கள், ஆன்லைனிலேயே கொடுக்கலாம்.

கேட்க எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 யூரோ என்பது ஐரோப்பாவில் வேலைக்குப் போகிறவர் புரட்டிவிடக்கூடிய தொகை. மிரட்டியவர் அந்த விலையைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார். வெட்கத்துக்கு அஞ்சி ஆளுக்கு 200 கொடுத்தால், முப்பதாயிரம் பேரிடம் 60 லட்சம் யூரோ. நிறுவனத்திடம் கேட்டதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

நடந்தது என்ன? பின்னாளில் மாவட்ட நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இரண்டு எண்கள் இருந்தன. மிரட்டிப் பணம் பறிக்க முயன்ற குற்றம் 20,745. பணம் உண்மையாகவே பறித்த குற்றம் 20. அதாவது ஆயிரத்தில் ஒருவர்கூடக் கொடுக்கவில்லை!

கொடுத்திருந்தாலும் பயன் இல்லை என்பதுதான் கொடுமை. மின்னஞ்சல் போவதற்கு முந்தைய நாளே மொத்தத் தரவும் அடங்கிய பெரிய கோப்பு இணையத்தில் கொஞ்ச நேரம் கிடைத்தது. ஏற்கனவே வெளியே போன சரக்குக்குத்தான் விலை பேசிக்கொண்டிருந்தார் மிரட்டியவர். ஒரு நகலை அழிக்கப் பணம் தரலாம், எத்தனை நகல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 'அழித்துவிட்டேன்' என்ற வாக்குக்கு ரசீது கிடையாது.

புகார் கொடுத்தவர்கள் இருபதாயிரத்தைத் தாண்டினார்கள். ஒரே குற்றத்துக்கு இத்தனை புகார் வந்ததை பின்லாந்து போலீஸ் அதுவரை பார்த்ததில்லை. போலீஸ் தங்கள் பக்கமிருந்து 0.1 பிட்காயின் அனுப்பி, அது எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். மிரட்டியவர் அவசரத்தில் ஏற்றிய அந்தப் பெரிய கோப்பில் தன் கணினியின் சொந்தக் கோப்புகளையும் சேர்த்து ஏற்றிவிட்டிருந்தார், அதுவும் உதவியது. அலெக்சாந்தரி கிவிமாக்கி என்பவர் 2023 பிப்ரவரியில் பிரான்சில் பிடிபட்டார். 2024 ஏப்ரல் 30-ல் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 6 வருடம் 3 மாதம் சிறை விதித்தது. அவர் குற்றத்தை மறுத்து மேல்முறையீடு செய்தார்.

பூட்டக்கூடிய கதவுகள்

குறிப்புகளை மீட்க முடியாது. ஆனால் கூடவே போன அடையாள எண்ணை வைத்து இன்னொரு திருட்டு நடக்காமல் தடுக்கலாம். பின்லாந்தில் பெயரும் அந்த எண்ணும் தெரிந்தால் இன்னொருவர் பெயரில் கடன் வாங்க, பொருள் வாங்க முயலலாம். அதனால் நோயாளிகள் செய்தவை:

1. கடன் தகவல் நிறுவனங்களிடம் 'என் பெயரில் யாருக்கும் கடன் தராதே' என்று தாங்களே தடை போட்டுக்கொண்டார்கள்.

2. தபால் துறையிடம் சொல்லி, தங்கள் முகவரியை வேறு யாரும் மாற்ற முடியாதபடி செய்தார்கள். முகவரியை மாற்றினால்தானே கடன் கடிதங்கள் வீட்டுக்கு வராமல் திசை திருப்ப முடியும்?

3. தங்கள் பெயரை யாரும் கம்பெனி இயக்குநராகப் பதிவு செய்துவிடாதபடி பதிவு அலுவலகத்தில் தடை கேட்டார்கள்.

இதில் ஒரு நெருடல். திருடு கொடுத்தவர்தான் ஒவ்வொரு கவுன்டராக ஏறி இறங்க வேண்டும், கடன் தடைக்குக் கையிலிருந்து கட்டணமும் கட்ட வேண்டும். தவறு நிறுவனத்துடையது, செலவு நோயாளியுடையது. அரசே நடத்தும் கடன் பதிவேடு 2024 ஏப்ரலில் வந்த பிறகுதான் இந்தத் தடையை இலவசமாகப் போடும் வழி பிறந்தது.

வெளியே சொன்னவர்கள்

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். முன்னாள் எம்.பி. கிர்சி பீகாவுக்கும் மிரட்டல் வந்தது. அவர் அதை ஒளிக்காமல் ட்விட்டரில் பகிரங்கமாகப் போட்டார். உதவி தேடிப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதினார். இன்னும் பலரும் தாங்கள் சிகிச்சைக்குப் போனதை வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மிரட்டுகிறவனின் முதலீடே நம் வெட்கம்தான். வெட்கப்பட ஆள் இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான்.

ஆனால் இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எம்.பி.யாக இருந்தவர் சொல்வது வேறு, வன்கொடுமையை வீட்டுக்கே சொல்லாமல் சிகிச்சையாளரிடம் மட்டும் சொன்ன ஒருவர் சொல்வது வேறு. அவர்களுக்காக மனநல அமைப்புகளும், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான அமைப்பும், தேவாலயமும் தொலைபேசி உதவி கொடுத்தன. ஆனால் யோசியுங்கள், பேசிய பேச்சு திருடுபோனதால் நொந்தவரிடம் 'வாருங்கள், மறுபடி பேசுங்கள்' என்று சொல்ல வேண்டிய நிலை! அந்த நம்பிக்கைதான் இந்தத் திருட்டில் போன பெரிய சொத்து. அதை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் காட்ட முடியாது.

இழப்பீடு என்ற கணக்கு

காமர்ஸ் மாணவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால், இதோ இந்த இடத்தில்தான்.

நிறுவனத்தின் தலைமை நிர்வாகி 2020 அக்டோபரிலேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2021 பிப்ரவரியில் வஸ்தாமோ திவாலானது. 2021 டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு அதிகாரி 6,08,000 யூரோ அபராதம் விதித்தார். பாதுகாப்பில் கோட்டை விட்டது ஒரு காரணம், 2019 மார்ச் ஊடுருவலை அறிவிக்காமல் விட்டது இன்னொரு காரணம். அபராதம் அரசுக்கான கணக்கு, நோயாளி கைக்கு வரும் பணம் இல்லை. திவாலான கம்பெனியின் கல்லாவில் நோயாளிக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு பக்கம் பாருங்கள். 2019-ல் வஸ்தாமோவின் பெரும்பான்மைப் பங்கை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. விஷயம் வெடித்ததும் அது நீதிமன்றம் போய், விற்றவர்கள் தரப்பில் சுமார் 1 கோடி யூரோ சொத்தை முடக்க உத்தரவு வாங்கியது. ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் கேட்டது. முதலாளிக்கு 'வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்' என்று சொல்ல ஒரு வழி இருந்தது. நோயாளிக்கு 'நான் சொன்னதைத் திருப்பிக் கொடு' என்று கேட்க வழியே இல்லை.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 82-வது பிரிவு, பணநஷ்டம் மட்டுமல்ல, மனவேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. 'திருடுபோன தகவலை யாராவது தவறாகப் பயன்படுத்துவார்களோ என்ற பயமே ஒரு பாதிப்புதான்' என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில், பல்கேரிய வரித்துறைத் தரவுத் திருட்டு வழக்கில் ஒப்புக்கொண்டது. அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பயந்த நாளிலிருந்து கடிதம், புகார் எண், செலவு ரசீது, சிகிச்சைச் சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்தவருக்கே இந்தத் தீர்ப்பு உதவும்.

கடைசியாக...

என்ன திருடுபோனது என்று எழுத்தில் கேள். பணம் கட்டாதே. சாட்சியை அழிக்காதே. புகார் கொடு. பூட்டக்கூடிய கதவைப் பூட்டு. தனியாக இருந்து நோகாதே. நோயாளியால் முடிந்தது இவ்வளவுதான். இதில் எதுவுமே போன ரகசியத்தைத் திருப்பிக் கொண்டுவராது. வெளியான கோப்பின் நகல்கள் பின்னாளிலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

ஆனால் ஒன்று. அந்த மின்னஞ்சல் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அவரவர் வீட்டில், அவரவர் வெட்கத்தோடு மடக்குவதற்காக எழுதப்பட்டது. இருபதாயிரம் பேர் புகார் கொடுத்ததும் அது தனிமனித அவமானமாக இல்லாமல் ஊரறிந்த குற்றமாக மாறியது. அன்று தலைகுனிய வேண்டியவர் யார் என்பதில் பின்லாந்து மக்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எழுதுங்கள், பேசுவோம். அடுத்த பதிவில் சந்திக்கலாம்.