பெரட்டுக் களத்தில் பிறந்த ஊர்

மலேசியாவில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவே தாழ்ந்த குன்றுகளும் சிற்றாறுகளும் நிறைந்த நிலம். இங்கே தோட்டங்கள் முளைத்ததற்கு முதல் காரணம் காப்பி. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் இங்கே காடு திருத்திக் காப்பி போட்டார்கள். 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு ரயிலும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரேசில் காப்பி சந்தையில் வந்து குவிய, விலை சரிந்தது. காப்பி நின்ற மண்ணில் ரப்பர் ஏறியது. 1877இலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்ட கன்று அது. மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைத் தாவரவியலாளர் ரிட்லி கண்டறிந்த பிறகே அதற்கு மதிப்பு வந்தது. 1910இல் ரப்பர் விலை உச்சிக்குப் போனது. காடு மளமளவென்று விழுந்தது.

விழுந்த காட்டில் வேலைக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் தங்கள் சொந்த ஊருக்கே போய் உறவையும் பங்காளியையும் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார்கள். வந்தவர்களுக்குக் கம்பெனி ஒரு நிலப்படம் வைத்திருந்தது. மேட்டில் துரை பங்களா, சற்றுக் கீழே கிராணி வீடு, ஆபீஸ், ரப்பர் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, வரிசையாக லயங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் அவரவர் பால் வெட்டும் மரவரிசையான நிரைக்குப் போக வேண்டும். படத்தில் இல்லாத ஒன்றை மக்களே வைத்தார்கள்: மரத்தடியில் ஒரு மாரியம்மன். வருசத்துக்கு ஒரு திருவிழா வந்த பிறகு, வேலைத்தலம் ஊராயிற்று.

இப்படிப் படம் போட்டு அளந்து வகுத்த ஊர்கள் அமெரிக்காவின் நடுமேற்குச் சமவெளியிலும் இருந்தன. 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மைல் சதுரம் ஓர் ஊர். அதை 36 கட்டங்களாகப் பிரித்து, 16ஆம் கட்டத்தைப் பள்ளிக்கு ஒதுக்கினார்கள். இங்கேயும் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஒற்றுமை அதோடு முடிகிறது. அங்கே குடியேறியவன் கையில் நிலப்பத்திரம் இருந்தது. இங்கே மூன்று தலைமுறை பால் வெட்டியவருக்கும் வேலை இருக்கும் வரைதான் வீடு. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது அந்த உண்மை சுட்டது. தொழிலாளிகளே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணமும் அதுதான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதுவும் பல இடங்களில் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. செண்டாயானில் இன்று பெரிய நகரமே எழுந்திருக்கிறது. ஆனால் ரந்தாவ் பக்கத்து லின்சமில் தமிழ்ப்பள்ளி இன்னும் தோட்டப் பெயரையே தாங்கி நிற்கிறது.

அமெரிக்க ஊர்களின் நிலப்படத்தில் கட்டத்துக்குக் கட்டம் உரிமையாளர் பெயர் இருக்கும். பேரன் தேடினால் தாத்தா கிடைப்பார். நம் தோட்டப் படங்களில் கம்பெனி பெயர்தான் உண்டு. நம்மவர் பெயர்கள் வேலையாள் பதிவேடான செக்ரோலிலும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும், கோயில் வரிக் கணக்கிலும், நிரை எண்ணை இன்னும் மறக்காத பெரியவர்களின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு கோயிலும் தன் தோட்டத்தின் கதையை இப்போதே எழுதி வைக்க வேண்டும். மண்ணில் கிடைக்காத பட்டாவை ஏட்டிலாவது அவர்களுக்குக் கொடுப்போம்.