ஒட்டுத் தெரியா இழையமைப்பு

ஒட்டுத் தெரியா இழையமைப்பு என்பது, தன் நகல்களைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அடுக்கும்போது இணைப்புக் கோடு புலப்படாதவாறு உருவாக்கப்பட்ட சதுர அல்லது செவ்வகப் படம் ஆகும். மரப்பட்டை, மணல், கருங்கல், சாக்குத்துணி போன்ற பரப்புகளைத் திரையில் காட்டவும், வலைப்பக்கப் பின்னணி, நிகழ்பட விளையாட்டு, முப்பரிமாண அசைவூட்டம், துணி அச்சு ஆகியவற்றிலும் இது பயன்படுகிறது. அடுக்கப்படும் ஒற்றைப் படத்துண்டு ஓடு எனப்படும். கிம்ப், ஃபோட்டோஷாப், கிரிட்டா போன்ற படத்தொகுப்பு மென்பொருள்களால் ஓட்டை உருவாக்கலாம். ஓரங்களை ஒட்டுத் தெரியாமல் இணைப்பது சில நிமிட வேலையே. ஒரே ஓடு மீண்டும் மீண்டும் வருவதைப் பார்ப்பவர் கண்டுகொள்ளாமல் செய்வதே இதில் கடினமான பகுதியாகும்.

பின்னணி

முப்பரிமாண உருவின்மீது படத்தைப் போர்த்தும் முறையை எட்வின் கேட்மல் 1974 ஆம் ஆண்டு யூட்டா பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர்பட்ட ஆய்வேட்டில் விளக்கினார். வலைப்பக்கங்களில் பின்னணிப் படத்தை அடுக்கும் வசதி 1995 இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 1.1 உலாவியுடன் பரவியது.

ஓடுகளைப் பயன்படுத்துவதற்கு முதன்மைக் காரணம் சிக்கனமே. 1920 × 1080 படவணுக்கள் கொண்ட திரையை நிரப்பும் வண்ணப்படம், சுருக்கப்படாத நிலையில், படவணுவுக்கு 3 பைட்டு வீதம் 62,20,800 பைட்டு இடம் கொள்ளும். 512 × 512 அளவுள்ள ஓட்டுக்கு 7,86,432 பைட்டு போதும். இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பழைய வரைகலை அட்டைகள் பல 256, 512, 1024 என இரண்டின் அடுக்குகளாக அமைந்த அளவுகளையே ஏற்றன. 2004 இல் வெளியான ஓப்பன்ஜிஎல் 2.0 இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. எனினும் அவ்வளவுகளில் ஓடு செய்யும் வழக்கம் தொடர்கிறது.

பெயர்ச்சி முறை

ஓட்டின் வலது ஓரம் அதன் இடது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் தொடர்ச்சியாகப் பொருந்த வேண்டும். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, அக்குழாயின் இரு முனைகளையும் இணைத்தால் கிடைக்கும் உருள்வளையத்தின் மேற்பரப்பாக ஓட்டைக் கருதலாம். அவ்வளையத்தில் ஓரம் என்று ஏதுமில்லை. எங்கு வெட்டி விரித்தாலும் கிடைப்பது அதே ஓடுதான்.

இந்தப் பண்பையே பெயர்ச்சி முறை பயன்படுத்துகிறது. கிம்ப்பிலும் ஃபோட்டோஷாப்பிலும் ஆஃப்செட் என்ற கட்டளை உள்ளது. அது படத்தை அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியும் நகர்த்தி, ஒருபுறம் வெளியேறும் பகுதியை மறுபுறம் நுழைக்கிறது. 512 படவணு அகலமுள்ள படத்தின் நெடுவரிசைகளை 0 முதல் 511 வரை எண்ணினால், 0 ஆம் வரிசை 256 ஆம் இடத்துக்கும், 511 ஆம் வரிசை 255 ஆம் இடத்துக்கும் செல்லும். அதாவது, பொருந்தாத இரு ஓரங்களும் படத்தின் நடுவே அருகருகே வந்து நிற்கும். புதிய ஓரங்களாக அமைபவை பழைய 255, 256 ஆம் வரிசைகள். அவை தொடக்கத்திலேயே அடுத்தடுத்து இருந்தவையாதலால் அங்கு ஒட்டு எழ வழியில்லை.

நடுவில் சிலுவைபோலத் தெரியும் ஒட்டினைக் குளோன் கருவியால் அழிக்க வேண்டும். மென்மையான விளிம்புள்ள தூரிகையைக் கொண்டு, படத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து சிறு சிறு பகுதிகளாக நகலெடுப்பது நல்லது. தூரிகை புதிய ஓரத்தைத் தொட்டால் அங்கு வேறோர் ஒட்டு தோன்றிவிடும். ஆகவே பணி முடிந்தபின் மீண்டும் ஒருமுறை பெயர்த்துச் சரிபார்ப்பர். கிரிட்டாவில் 2014 இல் 2.8 பதிப்புடன் வந்த சுற்றுமடிப்பு நிலையில், வரையும்போதே ஓடு எத்திசையிலும் அடுக்கப்பட்டுத் தெரிவதால், இவ்வாறு பெயர்த்துப் பார்க்கும் தேவை குறைகிறது.

தானியங்கி வழிகள்

கிம்ப்பிலுள்ள ஒட்டு நீக்கும் வடிகட்டி, படத்தையும் அதன் பெயர்க்கப்பட்ட நகலையும் கலக்கிறது. நடுவில் மூலப்படமும், ஓரங்களை நெருங்க நெருங்க நகலும் மேலோங்கும். மணல், புல் போன்ற ஒழுங்கற்ற பரப்புகளுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு பரப்புகளைச் சம அளவில் கலந்தால் அவற்றின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 0.71 மடங்காகக் குறையும். கலந்த பகுதி வெளிறி, மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். செங்கல் சுவர் போன்ற ஒழுங்கான பரப்பில், ஒரு செங்கல்லின்மேல் இன்னொன்று பேயுருபோலப் படிந்துவிடும்.

படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி நான்கு துண்டுகளாக இணைப்பது இன்னொரு குறுக்குவழி. ஒட்டு மறையும். ஆயினும் முகம்போன்ற சமச்சீர் உருவங்கள் எங்கும் தோன்றும். பக்கவாட்டிலிருந்து ஒளி விழும் படமாயின் நிழல்கள் எதிரெதிர்த் திசைகளில் விழும். கலையழகுக்கன்றி இயல்பான பரப்புக்கு இவ்வழி உதவாது.

மீள்வரவைக் கண் அறிதல்

ஓரங்கள் முற்றும் பொருந்திய ஓடுகளிலும் இரண்டு குறைகள் எஞ்சலாம்.

முதலாவது ஒளிச்சரிவு. ஒளிப்படத்தின் ஒருபுறம் சற்றே வெளிச்சமாக இருப்பது தனிப்படத்தில் உறுத்தாது. அடுக்கியவுடன் அது பட்டை பட்டையாகத் திரை முழுதும் ஓடும். படத்தின் நகலைப் பெரிய ஆரத்தில் மங்கலாக்கி, அதனை மூலப்படத்திலிருந்து கழித்து, சராசரி நிறத்தை மீண்டும் கூட்டினால் இச்சரிவு நீங்கும். 2018 இல் வெளிவந்த கிம்ப் 2.10 பதிப்பில் ஹை பாஸ் என்னும் வடிகட்டி இதற்கு உதவுகிறது. ஓரங்களைச் சீர்செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது அடையாளப் புள்ளி. ஒரு காய்ந்த இலை, ஒரு வெள்ளைக் கூழாங்கல், ஒரு விரிசல் போதும். 512 படவணுக்களுக்கு ஒருமுறை அது தோன்ற, பரப்பு கட்டம்போட்ட துணியாகிவிடும். எனவே ஓட்டை 4 × 4 ஆக அடுக்கி, திரையைச் சுருக்கி, சற்று விலகி நின்று நோக்கித் தனித்துத் தெரிவனவற்றை நீக்குதல் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் நீக்கினால் பரப்பு உயிரற்றுப்போகும். மணலை மணலாகக் காட்டுபவையே இந்தச் சிறு முரண்கள் என்பதால், எதை விடுவது என்பதை எந்த வடிகட்டியும் முடிவுசெய்து தருவதில்லை.

இதற்குக் கணினியியலாளர் கண்ட தீர்வுகளுள் ஒன்று ஒரே ஓட்டுக்குப் பதில் பல ஓடுகளைப் பயன்படுத்துவதாகும். கணிதவியலாளர் ஹாவ் வாங் 1961 இல் முன்வைத்த, ஓரங்களில் நிறம் பூசிய ஓடுகளைக் கொண்டு, 2003 இல் கோஹன் முதலியோர் எட்டே ஓடுகளால் மீள்வரவற்ற பரப்புகளை உருவாக்கலாம் எனக் காட்டினர்.

கணிதவழி இழையமைப்பு

ஒளிப்படமே இன்றியும் ஓடு செய்யலாம். கென் பெர்லின் 1985 இல் வெளியிட்ட இரைச்சல் சார்பு, மேகம், பளிங்கு, மரம் போன்ற தோற்றங்களைக் கணக்கீட்டால் தருகிறது. இதற்காக 1997 இல் அவருக்கு ஆஸ்கார் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. இச்சார்பு கட்டப்புள்ளிகளில் அமைந்த திசையன்களைச் சார்ந்தது. அப்புள்ளிகளின் எண்ணை ஓட்டின் கட்ட எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டால், முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் தாமாகவே பொருந்தும். கிம்ப்பின் சாலிட் நாய்ஸ் வடிகட்டியில் ஓடாக அமையும் தெரிவு உண்டு.

ஒழுங்கான கோலங்கள்

பூவேலை, கட்டம் போன்ற கோலங்களில் மீள்வரவு குறையாகாது, அதுவே அழகு. சமதளத்தை நிரப்பும் இத்தகைய கோலங்களுக்குச் சரியாக 17 சமச்சீர் வகைகளே உள்ளன என்பதை ஃபியோதரவ் 1891 இல் நிறுவினார். இங்க்ஸ்கேப் மென்பொருளில் 17 வகைகளையும் தெரிவுசெய்து ஓர் உருவை அடுக்கலாம். துணி அச்சில் ஒவ்வொரு நெடுவரிசையையும் பாதி உயரம் இறக்கி அடுக்குவது வழக்கம். நேராக மட்டும் அடுக்கும் மென்பொருள்களில் இதனைப் பெற, இருமடங்கு அகலமுள்ள ஓட்டில் இரண்டாம் பாதியைப் பாதி உயரம் பெயர்த்து வைக்க வேண்டும்.

சேமிக்கையில் நேரும் பழுது

முடிந்த ஓட்டை மங்கலாக்கினாலோ அளவு குறைத்தாலோ ஒட்டு திரும்ப வரக்கூடும். பெரும்பாலான வடிகட்டிகள் எதிர் ஓரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. ஓட்டை 3 × 3 ஆக அடுக்கி, வடிகட்டியைச் செலுத்தி, நடு ஓட்டை மட்டும் வெட்டியெடுத்தால் இது நேராது. ஜேபெக் வடிவம் 8 × 8 படவணுக் கட்டங்களைத் தனித்தனியே சுருக்குவதால் ஓரங்களில் நிறம் சிறிது பிறழும். இழப்பின்றிச் சுருக்கும் பிஎன்ஜி வடிவமே ஓடுகளுக்கு ஏற்றது.