மரத்துப்போன கையும் மின்திருக்கையும்

பழவேற்காட்டு ஏரியையும் அதற்கப்பால் விரிந்த வங்கக் கடலையும் நம்பி வாழும் எளாவூர்ப் பகுதி மீனவருக்குக் கைதான் முதல். வலைக்கயிறு நழுவுகிறதா, இறுகுகிறதா என்பதை இருளிலும் அறிவிப்பது விரல்நுனியே. அந்தக் கை அசைய மறுத்தால் பிழைப்புப் போகும். உணர மறுத்தாலோ, கயிறு தோலை அறுப்பதும் தெரியாமல் கையே போகும். இழந்த அசைவையும் உணர்வையும் மீட்க மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாற்றில், வியப்புக்குரிய வகையில், ஒரு மீனுக்கும் பங்குண்டு.

சோழமண்டலக் கரையோரக் கடலின் மணலடியில் மின்திருக்கை வாழ்கிறது. உயிருடன் தொட்டவரின் கை மரத்துப்போகும். தரங்கம்பாடியில் கிடைத்த அவ்வின மீனொன்று, 1801ஆம் ஆண்டு வெளிவந்த பிளாக், ஷ்னைடர் ஆகியோரின் நூலில் 'திம்லெய்' என்னும் பெயருடன் இடம்பெற்றது. உறுப்பு மரத்துப்போவதைத் தமிழ் 'திமிர்' என்று சொல்வது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

நைல் நதியில் இதே ஆற்றலுடைய மீனை அறபு மக்கள் 'ரஃஆத்' என்றனர். திருக்குர்ஆனின் 13ஆம் அத்தியாயமான 'அர்ரஃது' எந்த வேர்ச்சொல்லிலிருந்து வந்ததோ, அதே வேரிலிருந்து வந்த பெயர் இது. 1200ஆம் ஆண்டளவில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி, உயிருள்ள இம்மீனைத் தொட்டால் நடுக்கமும் மரப்பும் உண்டாகும் என்றும், மீன் இறந்தால் அவ்வாற்றல் இல்லை என்றும் எழுதிவைத்தார். அவருக்கு முன்பே, 1037இல் மறைந்த இப்னு ஸீனா, உணர்வையும் அசைவையும் உறுப்புகளுக்குக் கொண்டுசெல்பவை நரம்புகளே என்பதைத் தம் 'கானூன்' நூலில் விரித்துரைத்திருந்தார். எனினும் நரம்புக்கும் அம்மீனின் ஆற்றலுக்கும் உள்ள உறவு விளங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. மின்திருக்கையின் அதிர்ச்சி மின்சாரமே என 1770களில் வால்ஷ் காட்டினார். தவளைக் காலின் தசை மின்சாரத்தால் துடிப்பதை 1791இல் கால்வானி வெளியிட்டார்.

இவ்வரலாற்றின் ஒரு பெரிய அத்தியாயம் நம் வேலூரில் எழுதப்பட்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அன்று பலரும் நம்பினர். அவ்வாறன்று, வலி தெரியாமையால் சூடும் வெட்டும் கவனிக்கப்படாமல் போவதே பெருங்கேடு என்பதை அவர் நிலைநாட்டினார். நோய் தீண்டாத முன்கைத் தசையின் நாணை இடம்மாற்றி விரலோடு இணைத்து, மடங்கிப்போன கைகளை விரியச் செய்தார். அந்த அறுவை மருத்துவம் 1948இல் தொடங்கியது. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அத்தகைய கைகளுக்கு அறுவை செய்தார்.

அசைவு மீண்டது, உணர்வு மீளவில்லை. பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பிராண்ட் செயற்கை வலியை உருவாக்க முயன்றார். கையுறையில் அழுத்தம் அறியும் கருவிகள் பொருத்தப்பட்டன. அழுத்தம் மிகுந்தால் ஒலி எழும். அது பயன்படாதபோது, உணர்வுள்ள அக்குளில் மின் அதிர்ச்சி தரப்பட்டது. நோயாளிகளோ வேலைக்கு இடையூறென்று கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். அம்முயற்சி கைவிடப்பட்டது. நிறுத்திவிட முடியாத வலி எத்தகைய நிஃமத் என்பதை அத்தோல்வி உணர்த்தியது.

இன்றைய ஆய்வுகள் வெளியிலிருந்து எச்சரிப்பதை விடுத்து, நரம்போடு நேரே உரையாட முனைகின்றன. கையிழந்த டென்மார்க்கு நாட்டவர் ஒருவரின் மேற்கை நரம்புகளில் ரோம் நகர மருத்துவர்கள் மின்முனைகளைப் பதித்தனர். செயற்கைக் கையால் பற்றிய பொருளின் வடிவத்தையும் கடினத்தையும் கண் கட்டிய நிலையிலும் அவர் அறிந்தார். 2014இல் இது வெளியாயிற்று. ஆனால் மூளையும் தண்டுவடமும் நுங்கைப் போல் மென்மையானவை; விறைப்பான உலோகம் அங்கு உராய்ந்து புண்ணாக்கும். எனவே 2015இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள், இழுத்தால் நீளும் சிலிக்கோன் ரப்பரில் பொன்னிழை ஓடும் மெல்லிய பட்டையைச் செய்தனர். தண்டுவடம் பழுதுற்ற எலிகள் அதன் துணையால் மீண்டும் நடந்தன. அவ்வாறே 2017இல், மின்விலாங்கின் உறுப்பைப் பார்த்து, நீர் நிறைந்த கூழ்மத் துண்டுகளை அடுக்கி 110 வோல்ட் மின்னழுத்தம் பெற்றனர். மென்மைக்கும் மின்சாரத்துக்கும் பகையில்லை என்ற பாடத்தை மீனே மீண்டும் கற்பித்தது!

இக்கருவிகள் ஏழை மீனவரின் குடிசையை எட்ட நெடுங்காலம் ஆகலாம். அதுவரை நம் கடமை ஒன்று உண்டு. தோலில் உணர்வற்ற தேமல் கண்டால் மறைக்காமல் மருத்துவரை நாடவேண்டும். தொழுநோய்க்கு இலவச மருந்தும் முழுக் குணமும் உண்டு. நரம்பு கெட்டபின் மீட்பது அரிது. கெடுமுன் காப்பது எளிது. முள் குத்தினால் 'ஆ' என்று கையை இழுக்கச் செய்த இறைவனுக்கே புகழனைத்தும்!